பீட்டர் மூர்ஸ்: கவுண்டி ஆட்டக்காரர், பயிற்சியாளர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பீட்டர் மூர்ஸ் யார்?

இங்கிலாந்துக்காக ஒரு சர்வதேசப் போட்டியில்கூட ஆடாமல், அந்நாட்டு அணிக்கு இரண்டு முறை தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். இரண்டு முறையும் பதவியிலிருந்து நீக்கப்பட்டவர். நம் பக்கத்தில் கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு அவர் பெயர் நினைவிருந்தால், பெரும்பாலும் அந்த இரண்டு நீக்கங்களை ஒட்டித்தான் நினைவிருக்கும். அது அவருக்கு இழைக்கப்படும் அநீதி என்றே நான் கருதுகிறேன். சசெக்ஸுக்கு 2003-லும், லங்காஷயருக்கு 2011-லும், நாட்டிங்கம்ஷயருக்கு 2025-லும் கவுண்டி (இங்கிலாந்தின் வட்டார அணி) சாம்பியன்ஷிப் பட்டத்தைப் பெற்றுத் தந்து, மூன்று வெவ்வேறு கவுண்டிகளைப் பட்டம் வெல்லவைத்த முதல் பயிற்சியாளர் என்ற இடத்தைப் பிடித்தவர் அவர். ஒரு பயிற்சியாளரை எதைக் கொண்டு எடைபோடுவது என்று யோசிப்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கவுண்டி சாம்பியன்ஷிப் அத்தனை பெரிய போட்டியா?

நமக்கு ரஞ்சிக் கோப்பை எப்படியோ இங்கிலாந்துக்கு அது அப்படி. 1890 முதல் அதிகாரபூர்வமாக நடந்து வருகிறது. 18 கவுண்டிகள் இரண்டு பிரிவுகளாக நான்கு நாள் ஆட்டங்கள் ஆடுகின்றன. இறுதிப்போட்டி என்று தனியாக ஒன்று கிடையாது. ஏப்ரலில் தொடங்கிச் செப்டம்பர் வரை சேரும் புள்ளிகள்தான் பட்டத்தை முடிவு செய்கின்றன. வெற்றிக்குப் புள்ளிகள் உண்டு என்பதோடு, முதல் இன்னிங்ஸில் எடுக்கும் ஓட்டங்களுக்கும் விக்கெட்டுகளுக்கும் ஊக்கப் புள்ளிகள் உண்டு. ஆகவே ஒரு நல்ல நாளால் இந்தப் பட்டம் கைக்கு வந்துவிடாது. அணியை ஆறு மாதம் சிதறாமல் வைத்திருக்கத் தெரிந்தவருக்கே அது கிடைக்கும்.

ஆட்டக்காரராக மூர்ஸ் எப்படிப்பட்டவர்?

1962-ஆம் ஆண்டு டிசம்பரில் செஷயர் பகுதியிலுள்ள மேக்கிள்ஸ்ஃபீல்டில் பிறந்தார். விக்கெட் காப்பாளர், பின்வரிசையில் பயனுள்ள மட்டையாளர். 1983-இல் வூஸ்டர்ஷயரில் தொடங்கினார். அங்கே நிலையான இடம் கிடைக்காததால் 1985-இல் சசெக்ஸுக்கு மாறி, ஓய்வு பெறும் வரை அங்கேயே ஆடினார். இடையில் தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்ச் ஃப்ரீ ஸ்டேட் அணிக்கும் ஒரு பருவம் ஆடினார். 231 முதல்தர ஆட்டங்களில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டங்கள், ஏழு சதங்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட கேட்சுகள் என்பது அவருடைய கணக்கு. நாட்டு அணியின் வாசல் வரை போகாத, ஆனால் தன் கவுண்டிக்கு ஆண்டு முழுவதும் தேவைப்பட்ட ஆட்டக்காரர் என்று சொல்லலாம்.

அவர் ஆடிய ஓர் ஆட்டம் மட்டும் இங்கிலாந்து ரசிகர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது. அது 1993-ஆம் ஆண்டு லார்ட்ஸில் நடந்த நாட்வெஸ்ட் கோப்பை இறுதிப்போட்டி. சசெக்ஸ் 60 ஓவர்களில் 321 ஓட்டங்கள் குவித்தது. அந்தக் காலத்தில் அது எட்டவே முடியாத இலக்காகக் கருதப்பட்டது. வார்விக்ஷயர் அதைக் கடைசிப் பந்தில் எட்டிப் பிடித்தது. அந்தக் கடைசிப் பந்து வீசப்பட்டபோது ஸ்டம்புகளுக்குப் பின்னால் நின்றிருந்தவர் மூர்ஸ்தான்.

பயிற்சியாளர் பொறுப்பு அவருக்கு எப்படி வந்தது?

ஒரு நெருக்கடியின் நடுவில் வந்தது. 1996 பருவம் முடிந்ததும் சசெக்ஸின் முன்னணி வீரர்கள் பலர் விலகினர். அணித்தலைவர் ஆலன் வெல்ஸ் கென்ட்டுக்கும், சுழற்பந்து வீச்சாளர் இயன் சாலிஸ்பரி சர்ரேவுக்கும் போய்விட்டார்கள். கோபம் கொண்ட கழக உறுப்பினர்கள் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பழைய நிர்வாகக் குழுவையே இறக்கிவிட்டனர். மிஞ்சியிருந்தவர்களில் மூத்தவரான மூர்ஸ் 1997-இல் அணித்தலைவரானார். அந்த ஆண்டு சசெக்ஸ் பட்டியலின் கடைசி இடத்தில் முடித்தது.

அடுத்த ஆண்டு டெர்பிஷயரிலிருந்து கிறிஸ் ஆடம்ஸ் அணித்தலைவராக அழைத்து வரப்பட்டார். மூர்ஸ் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு முழுநேரப் பயிற்சியாளராக மாறினார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. பெரும்பாலான விக்கெட் காப்பாளர்கள் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆட ஆசைப்படும் வயது அது.

நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தன் வரலாற்றில் வெல்லாத பட்டத்தைச் சசெக்ஸ் எப்படி வென்றது?

சசெக்ஸ் 1839-இல் தொடங்கப்பட்டது. கவுண்டிக் கழகங்களில் அதுவே மூத்தது. ரஞ்சித்சிங்ஜியும் துலீப்சிங்ஜியும் ஆடிய கழகம் அது. இரண்டாமிடத்தில் முடித்த ஆண்டுகள் பல உண்டு, முதலிடம் மட்டும் கிடைத்ததில்லை. மூர்ஸ் பொறுப்பேற்ற உடனேயும் அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. 2000-ஆம் ஆண்டு சசெக்ஸ் இரண்டாம் பிரிவிலேயே கடைசி இடத்தில் கிடந்தது. அந்த நிலையில் பயிற்சியாளரை மாற்றாமல் வைத்திருந்த நிர்வாகத்துக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 2001-இல் அதே பிரிவில் முதலிடம் பிடித்து மேலே வந்தார்கள். 2002 பருவம் தொடங்குமுன் கிரெனடாவில் பயிற்சிக்குச் சென்றிருந்தபோது இளம் வீரர் உமர் ரஷீத் தம் தம்பியோடு நீரில் மூழ்கி இறந்தார். அந்தத் துயரத்திலிருந்து அணியை மீட்டெடுத்து ஆடவைக்க வேண்டிய கடமையும் மூர்ஸ், ஆடம்ஸ் இருவர் தோளில் விழுந்தது.

2003-இல் பாகிஸ்தானின் முஷ்டாக் அகமது வந்து சேர்ந்தார். சர்வதேச வாழ்க்கை ஏறக்குறைய முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த லெக் ஸ்பின்னர் அவர். அந்தப் பருவத்தில் அவர் எடுத்தவை 103 விக்கெட்டுகள். 1998-க்குப் பிறகு எந்தப் பந்துவீச்சாளரும் ஒரே பருவத்தில் சாம்பியன்ஷிப்பில் நூறைத் தொட்டதில்லை.

பட்டம் உறுதியான கணத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். செப்டம்பர் 18, ஹோவ் மைதானம், எதிரணி லெஸ்டர்ஷயர். முந்தைய நாள் எதிரணியைச் சுருட்டியதில் கிடைத்த பந்துவீச்சுப் புள்ளிகள் போக, சசெக்ஸ் 300 ஓட்டங்களைத் தொட்டால் பட்டத்துக்குத் தேவையான புள்ளிகள் சேர்ந்துவிடும். ஜிம்பாப்வேயின் முன்னாள் வீரர் மரே குட்வின், பிலிப் டிஃப்ரெய்டாஸின் பந்தை இழுத்து அடித்து எல்லைக்கு அனுப்பியபோது அந்த 300 வந்தது. ஆட்டம் அங்கேயே நிறுத்தப்பட்டு, வீரர்கள் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். பிறகு குட்வின் மீண்டும் மட்டையைப் பிடித்து, ஆட்டமிழக்காமல் 335 ஓட்டங்கள் எடுத்தார். சசெக்ஸுக்காக ஒரே இன்னிங்ஸில் எடுக்கப்பட்ட அதிக ஓட்டங்கள் என்ற சாதனை 1930 முதல் துலீப்சிங்ஜியின் பெயரில் 333 ஆக இருந்தது. அது அன்று மாறியது.

மூர்ஸ் 2005-இல் சசெக்ஸிலிருந்து விடைபெற்றார். அவருக்கு அடுத்து வந்த மார்க் ராபின்சன், மூர்ஸின் கீழ் ஆடி அவரோடு பயிற்சிப் பணியில் இருந்தவர். ராபின்சனின் கீழ் சசெக்ஸ் 2006, 2007 இரண்டு ஆண்டுகளிலும் பட்டம் வென்றது. ஒரு பயிற்சியாளர் போன பிறகும் அவர் போட்ட அடித்தளம் நிலைக்கிறதா என்று பார்ப்பது நல்ல அளவுகோல் என்பேன்.

இங்கிலாந்துப் பொறுப்பு எப்போது, எப்படிக் கிடைத்தது?

சசெக்ஸுக்குப் பிறகு, ராட் மார்ஷ் வகித்துவந்த இடத்தில், லஃப்பரோவிலுள்ள தேசியப் பயிற்சிக் கழகத்தின் இயக்குநரானார். 2007 உலகக் கோப்பையோடு டங்கன் ஃப்ளெட்சர் விலகவே, ஏப்ரலில் மூர்ஸ் தலைமைப் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார்.

முதல் முறை அவர் தோற்றுப்போனாரா?

தோல்விகள் இருந்தன, மறைக்க வேண்டியதில்லை. 22 டெஸ்டுகளில் எட்டு வெற்றி, ஆறு தோல்வி, எட்டு சமன். 2007-இல் சொந்த மண்ணில் இந்தியாவிடமும், அதே ஆண்டு இறுதியில் இலங்கையிலும், 2008-இல் தென்னாப்பிரிக்காவிடமும் டெஸ்ட் தொடர்களை இழந்தார்கள். மறுபக்கம், இலங்கை மண்ணில் ஒருநாள் தொடரை 3-2 என்று வென்றார்கள்.

ஆனால் புள்ளிவிவரத்தில் தெரியாத ஒன்று உண்டு. 2008 மார்ச்சில் நியூசிலாந்தின் ஹாமில்டனில் தோற்றபின், வெலிங்டன் டெஸ்டுக்கு ஸ்டீவ் ஹார்மிசனும் மேத்யூ ஹாகார்டும் நீக்கப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் டெஸ்ட் தொடரில் 2005-இல் கிடைத்த வெற்றியின் தூண்கள் அவர்கள். அவர்கள் இடத்தில் ஜேம்ஸ் ஆண்டர்சனும் ஸ்டூவர்ட் பிராடும் வந்தார்கள். ஆண்டர்சன் முதல் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். அந்த டெஸ்டையும் தொடரையும் இங்கிலாந்து வென்றது. அவ்விருவரும் சேர்ந்து ஆடிய முதல் டெஸ்ட் அதுதான். பிற்காலத்தில், இணைந்து ஆடிய டெஸ்டுகளில் மட்டும் இருவருமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளைச் சாய்த்தார்கள். அதே வெலிங்டன் டெஸ்டில் சதமடித்த விக்கெட் காப்பாளர் டிம் ஆம்ப்ரோஸ் சசெக்ஸில் மூர்ஸிடம் வளர்ந்தவர். அவருக்கு முன் அந்த இடத்தில் இருந்து, அறிமுக டெஸ்டிலேயே லார்ட்ஸில் சதமடித்த மேட் பிரயரும் அப்படியே. ஒரு கவுண்டி விக்கெட் காப்பாளர், தம்மால் எட்ட முடியாத இடத்துக்கு இரண்டு விக்கெட் காப்பாளர்களை அனுப்பியிருக்கிறார்.

அவருடைய அணி சென்னையில் ஆடியது உண்டா?

உண்டு. அது சாதாரணமான டெஸ்டும் அல்ல. 2008 நவம்பர் 26 அன்று மும்பையில் தாக்குதல் நடந்தபோது இங்கிலாந்து அணி ஒருநாள் தொடருக்காக இந்தியாவில் இருந்தது. எஞ்சிய ஒருநாள் போட்டிகள் கைவிடப்பட்டு அணி ஊர் திரும்பியது. பின் டெஸ்ட் தொடரை ஆடுவதற்காக மீண்டும் வந்தது. அகமதாபாத், மும்பை என்று முதலில் திட்டமிட்டிருந்த இரண்டு டெஸ்டுகளும் சென்னைக்கும் மொகாலிக்கும் மாற்றப்பட்டன. அந்த நேரத்தில் அவர்கள் திரும்பி வந்ததை இந்தியக் கிரிக்கெட் ரசிகர்கள் நன்றியோடு நினைவில் வைத்திருக்க வேண்டும்.

சேப்பாக்கத்தில் ஆண்ட்ரூ ஸ்ட்ராஸ் இரண்டு இன்னிங்ஸிலும் சதமடித்தார். கிரேம் ஸ்வானுக்கு அதுவே முதல் டெஸ்ட். தாம் வீசிய முதல் ஓவரிலேயே கௌதம் கம்பீரையும் ராகுல் திராவிடையும் எல்பிடபிள்யூ முறையில் வீழ்த்தினார். பல ஆண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்த ஸ்வானை மீண்டும் இங்கிலாந்து அணிக்குள் கொண்டுவந்தது மூர்ஸின் காலம்தான். இருந்தும் கடைசி இன்னிங்ஸில் 387 என்ற இலக்கை, சேவாக்கின் அதிரடித் தொடக்கத்தாலும் சச்சினின் ஆட்டமிழக்காத 103 ஓட்டங்களாலும், இந்தியா நான்கு விக்கெட் இழப்பில் எட்டியது. சென்னை ரசிகர்களுக்கு அது மறக்க முடியாத வெற்றி. மூர்ஸின் முதல் பதவிக்காலம் முடிவுக்கு வரவும் அந்தத் தொடர் முன்னுரையாக அமைந்தது.

கெவின் பீட்டர்சனோடு என்ன தகராறு?

தென்னாப்பிரிக்கத் தொடரின்போது மைக்கேல் வான் பதவி விலகியதால், 2008 ஆகஸ்டில் பீட்டர்சன் அணித்தலைவரானார். இந்தியத் தொடருக்குப் பின், மூர்ஸோடு தம்மால் தொடர்ந்து பணியாற்ற முடியாது என்று கிரிக்கெட் வாரியத்திடம் தெரிவித்தார். செய்தி பத்திரிகைகளுக்குக் கசிந்தது. 2009 ஜனவரி 7 அன்று பயிற்சியாளர் நீக்கப்பட்டார். அதே நாளில் அணித்தலைவரும் பதவியிழந்தார்.

மூர்ஸின் மீது மூத்த வீரர்கள் வைத்த குறை ஒன்றுதான்: அவர் ஓயாமல் இயங்குபவர், ஓயாமல் பேசுபவர், பயிற்சியை விடாமல் வலியுறுத்துபவர், நிலைபெற்ற வீரர்களுக்கு மூச்சுவிட இடம் தருவதில்லை. இதில் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன். இருபது வயது இளைஞனை உயர்த்தும் அதே உற்சாகம், ஐம்பது டெஸ்ட் ஆடியவருக்கு நச்சரிப்பாகத் தோன்றக்கூடும். கவுண்டியில் பயிற்சியாளர் அணியைக் கட்டுகிறார். நாட்டு அணியில் ஏற்கெனவே கட்டப்பட்ட மனிதர்களோடு பழக வேண்டியிருக்கிறது. மூர்ஸுக்கு முதலாவது இயல்பாக வந்தது. இரண்டாவதற்கு அவர் கொஞ்சம் விட்டுப்பிடித்திருக்கலாம்.

ஆயினும் பின்னால் நடந்ததையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அவர் இடத்துக்கு வந்த ஆண்டி ஃப்ளவரைத் துணைப் பயிற்சியாளராக 2007-இல் அழைத்து வந்தவர் மூர்ஸ். ஆண்டர்சன், பிராட், ஸ்வான், பிரயர் ஆகியோரை மையமாகக் கொண்டே 2009 ஆஷஸும், 2010-11-இல் ஆஸ்திரேலிய மண்ணில் ஆஷஸும், 2011-இல் டெஸ்ட் தரவரிசையில் முதலிடமும் வந்து சேர்ந்தன. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

நீக்கப்பட்ட பிறகு என்ன செய்தார்?

அடுத்த மாதமே லங்காஷயர் அவரை அமர்த்திக்கொண்டது. 1934-க்குப் பிறகு அந்தக் கவுண்டி தனித்துப் பட்டம் வென்றதில்லை. 1950-இல் சர்ரேயோடு பகிர்ந்துகொண்டது மட்டுமே. 2011-இல் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் சீரமைப்பு நடந்துகொண்டிருந்ததால், பெரும்பாலான சொந்த ஆட்டங்களை லிவர்பூலின் எய்க்பர்த் மைதானத்தில் ஆடினார்கள். பெரிய நட்சத்திரங்கள் என்று சொல்லத்தக்கவர்கள் அதிகம் இல்லாத அணி அது. பருவத்தின் கடைசி நாள், டான்டனில் சோமர்செட்டுக்கு எதிராக 34 ஓவர்களில் 211 ஓட்டங்கள் எடுத்தாக வேண்டும் என்ற நிலை வந்தது. எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்றார்கள். அணித்தலைவர் கிளென் சாப்பிள் தொடைத் தசைக் காயத்தோடு அந்த ஆட்டத்தில் பந்து வீசினார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறு ஆண்டே லங்காஷயர் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 2013-இல் முதலிடம் பிடித்துத் திரும்பி வந்தது.

இரண்டாவது முறை ஏன் அழைத்தார்கள், ஏன் அனுப்பினார்கள்?

2013-14 ஆஷஸில் 5-0 என்று இங்கிலாந்து நொறுங்கியபின் ஃப்ளவர் விலகினார். வாரியத்தின் நிர்வாக இயக்குநர் பால் டௌன்டன், தம் தலைமுறையின் தலைசிறந்த பயிற்சியாளர் என்று மூர்ஸை அறிமுகப்படுத்தி 2014 ஏப்ரலில் பொறுப்பைக் கொடுத்தார். முதல் தொடரிலேயே இலங்கையிடம் தோல்வி. ஹெடிங்லியில் ஆண்டர்சன் 55 பந்துகளைத் தடுத்து நின்றும், ஆட்டம் முடிய ஒரே பந்து மீதமிருக்கையில் ஷமிந்த எரங்கவிடம் ஆட்டமிழந்தார். இலங்கை ரசிகர்கள் மறக்காத பந்து அது. பிறகு இந்தியாவுக்கு எதிராகப் பின்தங்கியிருந்து மீண்டு 3-1 என்று வென்றார்கள்.

வீழ்ச்சி 2015 உலகக் கோப்பையில் வந்தது. தொடங்கச் சில வாரங்கள் இருக்கையில்தான் ஒருநாள் அணித்தலைமை அலஸ்டர் குக்கிடமிருந்து இயான் மார்கனுக்கு மாற்றப்பட்டிருந்தது. வெலிங்டனில் நியூசிலாந்திடம் 123 ஓட்டங்களில் சுருண்டார்கள். அடிலெய்டில் வங்கதேசத்திடம் 15 ஓட்டங்களில் தோற்று, குழுச் சுற்றோடு வெளியேறினார்கள். உலகமே முதல் பந்திலிருந்து அடித்து ஆடத் தொடங்கிய காலத்தில் இங்கிலாந்து பழைய கணக்கில் ஆடியது. இந்தத் தவறுக்கு அவரும் பொறுப்புத்தான், இதில் அவருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

அவரை அனுப்பிய விதம் மட்டும் முறையாக இல்லை. மே மாதம் அயர்லாந்தின் மலஹைடில் மழையால் ஆட்டம் தடைப்பட்டிருக்க, அவர் அணியோடு மைதானத்தில் இருக்கும்போதே பதவி போய்விட்டது என்ற செய்தி வெளியில் பரவிவிட்டது. மறுநாள் அது உறுதிப்படுத்தப்பட்டது.

தோல்விக்குப் பின் ‘தரவுகளைப் பார்க்க வேண்டும்’ என்று அவர் சொன்னது உண்மையா?

வங்கதேசத் தோல்விக்குப் பின் அப்படிச் சொன்னார் என்று செய்தி வந்தது. உணர்ச்சியற்ற, கணினியை நம்பும் பயிற்சியாளர் என்ற பெயர் அவருக்கு அதனால் ஒட்டிக்கொண்டது. ‘பிறகு பார்க்க வேண்டும்’ என்று அவர் சொன்னதில், ‘லேட்டர்’ என்ற ஆங்கிலச் சொல் ‘டேட்டா’ என்று தவறாகக் காதில் விழுந்தது என்று பின்னர் விளக்கம் வந்தது. பிபிசி அவரிடம் வருத்தம் தெரிவித்தது. செய்தி பரவிய அளவுக்கு வருத்தம் பரவவில்லை.

நாட்டிங்கம்ஷயரில் அவர் எத்தனை காலமாக இருக்கிறார்? அஸ்வின் அவரிடம் ஆடினாரா?

2015-இல் ஆலோசகராகப் போனவர், 2016 இறுதியில் தலைமைப் பயிற்சியாளரானார். 2017-இல் ஒருநாள் கோப்பையும் இருபது ஓவர் கோப்பையும் ஒரே பருவத்தில் வந்தன. லார்ட்ஸில் நடந்த ஒருநாள் கோப்பை இறுதிப்போட்டியில் அலெக்ஸ் ஹேல்ஸ் ஆட்டமிழக்காமல் 187 ஓட்டங்கள் எடுத்தார். 2020-இல் இருபது ஓவர் கோப்பை மீண்டும் கிடைத்தது.

நான்கு நாள் ஆட்டத்தில் மட்டும் நிலைமை வேறாக இருந்தது. 2018 நடுவிலிருந்து 2021 மே வரை, ஏறக்குறைய மூன்று ஆண்டுகள், ஒரு முதல்தர ஆட்டம்கூட வெல்லவில்லை. ரவிச்சந்திரன் அஸ்வின் 2019-இல் அங்கே ஆடியது இந்த இருண்ட காலத்தில்தான். ஐந்து ஆட்டங்களில் 34 விக்கெட்டுகளும் முந்நூறுக்கும் மேற்பட்ட ஓட்டங்களும் எடுத்தார். அப்படியும் அணி கடைசி இடத்தில் முடித்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

இந்த இடத்தில்தான் சசெக்ஸின் 2000-ஆம் ஆண்டை நினைத்துக்கொள்ள வேண்டும். நாட்டிங்கம்ஷயரும் அவரை மாற்றவில்லை. 2022-இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து ஏறி வந்தார்கள். 2025-இல் ஹசீப் ஹமீதின் தலைமையில், முந்தைய மூன்று ஆண்டுகளின் சாம்பியனான சர்ரேயை அதன் சொந்த ஓவல் மைதானத்திலேயே வீழ்த்தினார்கள். கடைசிச் சுற்றில், டிரென்ட் பிரிட்ஜில் வார்விக்ஷயருக்கு எதிராக மட்டைவீச்சு ஊக்கப் புள்ளிகளைச் சேர்த்தபோது பட்டம் உறுதியானது. ஹமீது லங்காஷயரில் பதின்வயதிலேயே பேரெடுத்து, பின் ஓட்டம் வறண்டு, அந்தக் கவுண்டி கைவிட்ட பிறகு நாட்டிங்கம்ஷயருக்கு வந்தவர். மூர்ஸின் பொறுப்பில் மீண்டும் எழுந்து கோப்பையைத் தூக்கியவர்.

அவர் குடும்பத்தில் வேறு யாரும் ஆடுகிறார்களா?

மகன் டாம் மூர்ஸ் நாட்டிங்கம்ஷயரின் விக்கெட் காப்பாளர். தந்தையைப் போலன்றி, அவர் இடதுகையால் பந்தை ஓங்கி அடிக்கும் மட்டையாளர். 2017-இல் இருபது ஓவர் கோப்பையை வென்ற அணியில் அவரும் இருந்தார்.